சர்வரை ஆஃப் செய்வது சுவிட்ச் வேலை அல்ல

"ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்." புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உறவினர்கள் எனக்குப் போன் செய்தால் நான் சொல்லும் முதல் வைத்தியம் இதுதான். பெரும்பாலும் பலித்துவிடும். இதே பழக்கத்தோடு வேலைக்குப் போனேன். அங்கே அது என் காலை வாரிவிட்டது.

என் அலுவலகத்தில் எல்லா ஃபைல்களும் மூன்று சர்வர்கள் சேர்ந்த ஒரு கிளஸ்டரில் இருந்தன. கிளஸ்டர் என்றதும் பயப்பட வேண்டாம். பல கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைத்து, அவற்றின் ஹார்ட் டிஸ்க்குகளை ஒரே பெரிய டிஸ்க் போலப் பயன்படுத்தும் ஏற்பாடுதான் அது. நாங்கள் வைத்திருந்தது செஃப் என்ற சாஃப்ட்வேர். சாண்டா குரூஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் என்பவர் தன் டாக்டர் பட்ட ஆய்வில் உருவாக்கியது. ஓப்பன் சோர்ஸ் என்பதால் இலவசம். நீங்கள் ஒரு ஃபைலைச் சேமித்தால், அது மூன்று பிரதிகளாகி மூன்று சர்வர்களிலும் பதிவாகும். ஒரு சர்வர் படுத்துவிட்டாலும் மற்ற இரண்டும் வேலையைத் தொடரும்.

இந்த வசதிதான் நம்மை அலட்சியக்காரர்களாக மாற்றுகிறது என்பது என் கருத்து. மூன்று பிரதிகள் இருக்கின்றனவே என்ற தைரியம்!

ஒரு சனிக்கிழமை, அப்டேட் போட்டுவிட்டு முதல் சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். யாருக்கும் எந்தத் தடங்கலும் இல்லை. சில நிமிடங்களில் அது பிங் கட்டளைக்குப் பதில் கொடுத்தது. எழுந்துவிட்டது என்று எண்ணி இரண்டாவது சர்வருக்கும் ரீஸ்டார்ட் கொடுத்தேன். அடுத்த நிமிடமே அலுவலகம் முழுக்க ஃபைல்கள் உறைந்து நின்றன. சேவ் கொடுத்தவர்களின் திரையில் சுற்றும் வட்டம் மட்டுமே.

என்ன நடந்தது? முதல் சர்வரில் லினக்ஸ் மட்டும்தான் எழுந்திருந்தது. அதன் டிஸ்க்குகளைக் கவனிக்கும் புரோகிராம்கள் இன்னும் கிளஸ்டரில் சேரவில்லை. இரண்டாவதும் போனதால் ஒரே ஒரு பிரதிதான் மிச்சம். குறைந்தது இரண்டு பிரதிகள் இருந்தால்தான் படிக்கவும் எழுதவும் அனுமதிப்பது என்பது எங்கள் செட்டிங். எனவே செஃப் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தது. டேட்டா எதுவும் அழியவில்லை. அது செய்தது சரி, நான் செய்ததுதான் தவறு. பிங் பதில் வந்தால் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது என்றுதான் அர்த்தம். வேலைக்குத் தயார் என்று அர்த்தம் இல்லை. கிளஸ்டரின் நிலையைக் கேட்டு, எல்லாப் பிரதிகளும் சரியாக உள்ளன என்ற பதில் வந்த பிறகே அடுத்த சர்வரைத் தொட்டிருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். ஒரு சர்வர் காணாமல் போனால், அது பழுதா அல்லது நாம்தான் ஆஃப் செய்தோமா என்பது கிளஸ்டருக்குத் தெரியாது. செஃப் வழக்கமாக 10 நிமிடம் பொறுத்துப் பார்க்கும். பிறகு அந்த சர்வர் இனி வராது என்று முடிவு கட்டி, நான்கைந்து சர்வர்கள் உள்ள இடத்தில், அதிலிருந்த பிரதிகளை மற்றவற்றில் மறுபடி உருவாக்கத் தொடங்கிவிடும். டெராபைட் கணக்கில் டேட்டா வீணாக நகரும். இதைத் தடுக்க 'நோஅவுட்' என்று ஒரு கட்டளை உண்டு. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும்போது பால்காரரிடம் சொல்லிவிட்டுப் போவதைப் போலத்தான். திரும்பி வந்ததும் அதை நீக்க மறக்கக் கூடாது. மறந்தால், நிஜமாகவே ஒரு டிஸ்க் செத்தாலும் கிளஸ்டர் பேசாமல் இருந்துவிடும்.

மொத்தக் கிளஸ்டரையும் ஆஃப் செய்வதற்கு வரிசை இருக்கிறது. முதலில் அதைப் பயன்படுத்தும் கம்ப்யூட்டர்கள், பிறகு டிஸ்க் சர்வர்கள், கடைசியாக யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கணக்கு வைத்திருக்கும் மானிட்டர்கள். (இது உங்கள் மேஜை மேல் உள்ள மானிட்டர் அல்ல, ஒரு புரோகிராமின் பெயர்!) ஆன் செய்யும்போது மானிட்டர்கள்தான் முதலில். மூன்றில் இரண்டாவது எழுந்தால்தான் மற்றது நடக்கும்.

வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எனக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறீர்களா? உங்கள் விண்டோஸும் எழுத வேண்டியதைச் சற்று நேரம் மெமரியில் வைத்திருந்துதான் டிஸ்க்கில் எழுதுகிறது. ஷட் டவுன் கொடுக்காமல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் அந்த மிச்சம் போய்விடும். வீட்டில் இரண்டு டிஸ்க் உள்ள நாஸ் பெட்டி வாங்கியிருந்தாலும் இதே கதைதான். பிளக்கைப் பிடுங்கினால் இரண்டு பிரதிகளும் ஒரே நேரத்தில் அல்லவா அடிபடுகின்றன? யுபிஎஸ் வாங்குவதும் படத்தை முடித்துவிட்டு எழுந்திருப்பதற்காக அல்ல, ஒழுங்காக ஷட் டவுன் செய்வதற்காக. அது கத்தத் தொடங்கியதும் ஃபைல்களை மூடிவிடுங்கள்.

அந்த சனிக்கிழமை நடந்ததில் ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. எந்த வரிசையில் ரீஸ்டார்ட் செய்வது என்று எங்களுக்கு முன்னால் இருந்தவர் தெளிவாக எழுதியே வைத்திருந்தார். அவசரமாக அந்த ஃபைலைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. அது அந்தக் கிளஸ்டரில்தான் இருந்தது. இப்போது அதை பிரிண்ட் எடுத்து ரேக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.