நோட்டுக்கு முன் ஒரு பிடி மாவு

குழந்தைகள் நலப் பிரிவில் காலை வேளையில் நோயாளிகளைப் பார்வையிடச் செல்லும்போது நாங்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. கட்டிலில் நான்கு வயதுக் குழந்தை. வலக்கையில் டிரிப்ஸ் ஏற்றும் ஊசி. கை அசையாதிருக்க அட்டை வைத்துக் கட்டியிருக்கும். மடியில் கட்டம் போட்ட நோட்டு, இடக்கையில் பென்சில். அருகில் தாய், “இருபது வரைக்கும்தானே எழுதியிருக்கே கண்ணா, அம்பது வரைக்கும் எழுதிடு” என்று கெஞ்சிக்கொண்டிருப்பார்.

அந்தத் தாயைக் குறை கூறுவதற்கில்லை. சிறுநீரில் புரதம் வெளியேறி உடல் வீங்கும் நெஃப்ராடிக் நோயும், குழந்தைகளைத் தாக்கும் ரத்தப் புற்றுநோயும் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து, ஆறு வயதுக்குள்ளேயே தலைகாட்டுகின்றன. பிள்ளை எல்.கே.ஜி. சேர்ந்த சில மாதங்களிலேயே வாரக்கணக்கில் மருத்துவமனையில் தங்க நேர்கிறது. நோய் ஒருபுறம் இருக்க, படிப்பும் போய்விடுமோ என்னும் அச்சம் பெற்றோரை வாட்டுகிறது. எனினும், நோட்டையும் பென்சிலையும் வீட்டிலேயே வைத்துவிட்டு ஒரு டப்பாவில் பிசைந்த மாவைக் கொண்டுவாருங்கள் என்பதே எங்கள் கருத்து. எண்ணைக் கற்பதற்கு இந்த வயதில் அதுவே நேர்வழி என்று நாங்கள் கருதுகிறோம்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஐம்பது வரை தடங்கலின்றி ஒப்பிக்கும் மூன்றரை வயதுக் குழந்தையின் முன் பத்து மாவு உருண்டைகளை வைத்து, “நாலு உருண்டை கொடு” என்று கேளுங்கள். பல குழந்தைகள் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும். எண்ணச் சொன்னால் விரல் வைத்து எண்ணும், எண்ணி முடித்ததும் “அப்படியானால் மொத்தம் எத்தனை?” என்றால், மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத்தின் அளவு என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. ராஷெல் கெல்மன், காலிஸ்டல் என்னும் உளவியலாளர்கள் 1978-இல் வெளியிட்ட நூலில் எண்ணுதலின் அடிப்படைகளை வகுத்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல், சொற்களின் வரிசை மாறாமை, கடைசிச் சொல்லே மொத்தம் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. ஒப்பித்தலில் இரண்டாவது மட்டுமே தேறுகிறது. குழந்தை ‘ஒன்று’ என்பதன் பொருளை அறிந்து, ‘இரண்டு’ என்பதைப் பிடித்துக்கொள்ளச் சில மாதங்கள் செல்லும். ‘மூன்று’க்கு மேலும் சில மாதங்கள். நோட்டில் நூறு வரை எழுதுவது இந்த வேலையை விரைவுபடுத்துவதில்லை.

கையின் நிலையையும் கருத வேண்டும். மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. நான்கு வயதுக் குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் அவற்றுள் பல தெரியவே தெரியா. இன்னும் குருத்தெலும்பாகவே இருப்பதால் அவ்விடம் வெற்றிடமாகத் தோன்றும். எழுத்துச் சிரமத்துக்கு எலும்பு மட்டுமே காரணமன்று. விரல்களின் சிறுதசைகளை ஆளும் திறனும் அப்போதுதான் முதிர்ந்து வருகிறது. அந்தக் கைக்கு உருட்டவும் கிள்ளவும் நசுக்கவும் தெரியும். நான்கு வரிக் கட்டத்துக்குள் எட்டு போடுவது வேறு கதை.

அரசின் இலக்குகூட இவ்வளவு அவசரப்படவில்லை. 2021-இல் தொடங்கப்பட்ட நிபுண் பாரத் இயக்கம், முதல் வகுப்புக்கு முந்தைய நிலையில் 10 வரையிலான எண்களை அடையாளங்கண்டு வாசித்தால் போதும் என்கிறது. 99 வரை வாசிப்பதும் எழுதுவதும் முதல் வகுப்புக்குரியவை. நோயுற்ற நான்கு வயதுக் குழந்தையிடம் அதைவிட அதிகம் கேட்பது என்ன நியாயம்?

மாவில் என்ன செய்யலாம்? முதலில் எழுத்துருவை மறந்துவிடுங்கள். மாவைப் பாம்புபோல் உருட்டி ‘2’, ‘3’ என்று வளைப்பதைத்தான் பலரும் செய்கிறார்கள். அது பிறகு வரட்டும். அளவே முதலில் வர வேண்டும். “உனக்கு இரண்டு லட்டு, எனக்கு இரண்டு லட்டு” என்று தொடங்குங்கள். தட்டில் ஐந்து உருண்டைகளை நெருக்கி வையுங்கள், பிறகு குழந்தையின் கண்முன்னே அவற்றை அகலப் பரப்பி, “இப்போது எத்தனை?” என்று கேளுங்கள். கூடிவிட்டதாகச் சொன்னால் திருத்தாதீர்கள், எண்ணிப் பார்க்கட்டும். ஐந்தை மூன்றும் இரண்டுமாகப் பிரியுங்கள், நான்கும் ஒன்றுமாகச் சேருங்கள். ஓர் உருண்டையைக் கிள்ளி இரண்டாக்கினால் எண்ணிக்கை கூடுகிறது, ஆனால் ஒவ்வொன்றும் சிறிதாகிறது. கேரம் காயோ மணியோ இதைக் காட்டாது, மாவு காட்டும். பத்து உருண்டைகளைச் சேர்த்து நீளக் கோலாக்கி, அதன் அருகில் ஓர் உருண்டை வைத்தால் அதுவே பதினொன்று. தமிழில் சொல்லும்போது பத்தும் ஒன்றும் காதிலேயே விழுகின்றன. ‘லெவன்’ என்பதில் அவை விழுவதில்லை. ஆகவே முதலில் தமிழில் எண்ணுங்கள் என்று, கேட்கப்படாத ஓர் அறிவுரையையும் சேர்த்துச் சொல்கிறோம்.

மாவில் மட்டும் ஏதோ மந்திரம் இருப்பதாக நாங்கள் சொல்லவில்லை. பேசிக்கொண்டே உடன் விளையாடும் பெரியவர் இல்லையெனில் அது வெறும் மாவுதான். டப்பாவைக் கொடுத்துவிட்டுக் கைப்பேசியில் ஆழ்ந்துவிட்டால் பயன் குறைவு.

சில எச்சரிக்கைகள் அவசியம். மாத்திரைகளை வைத்து எண்ணக் கற்பிக்காதீர்கள்; மாத்திரை விளையாட்டுப் பொருளாகிவிட்டால் ஒருநாள் அது வாய்க்குள் போகும். புளியங்கொட்டை, சோழி, வேர்க்கடலை ஆகியவை நம் வீட்டு மரபுதான். ஆனால் மூச்சுக்குழாயில் சிக்கிய கொட்டையை எடுக்க மயக்கமருந்து கொடுக்க நேர்ந்த குழந்தைகளை நாங்கள் அறிவோம். மூன்று வயதுக்குக் கீழ் அவை வேண்டவே வேண்டாம். மாவு மென்மையானது என்றாலும் அருகிலேயே இருங்கள்.

விளையாட்டு மாவைச் செய்யும் பலரும், அது கெடாதிருக்க மைதாவில் பாதியளவு உப்பைக் கொட்டுகிறார்கள். அத்தகைய மாவைக் குழந்தை கணிசமாக விழுங்கினால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும். உப்புக் கட்டுப்பாட்டில் உள்ள நெஃப்ராடிக் குழந்தைகளுக்கு அது அறவே கூடாது. உப்பில்லாத சப்பாத்தி மாவே போதும்; இரண்டு சொட்டு எண்ணெய், நிறத்துக்கு மஞ்சளோ பீட்ரூட் சாறோ சேர்க்கலாம். அன்றைய மாவை அன்றே எறிந்துவிடுங்கள். பச்சை மாவில் கிருமிகள் இருக்கக்கூடுமாதலால் அதையும் தின்னவிடக் கூடாது. கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயுள்ள குழந்தைக்கு, கொழுக்கட்டைக்குப் போல வெந்நீர் விட்டுப் பிசைந்த அரிசி மாவு ஏற்றது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் எங்களைக் கேட்காமல் தொடங்காதீர்கள். ஒரு குழந்தையின் மாவை அடுத்த கட்டிலுக்குக் கொடுக்கவும் வேண்டாம். பகிர்ந்துகொள்ளும் நற்பண்பை மருத்துவமனைக்கு வெளியே கற்பிக்கலாம்.

மாவு விளையாட்டு எங்களுக்கும் உதவுகிறது. ஊசி இல்லாதபோதும் ஒரே கையால் உருட்டி மறுகையை மடியிலேயே வைத்திருக்கும் குழந்தை, ஐந்து வயதாகியும் மூன்று உருண்டைகளை எடுத்துத்தர இயலாத குழந்தை ஆகியோரை நீங்கள் கவனித்தால் எங்களிடம் சொல்லுங்கள். அந்தக் கையையும், காதையும், பேச்சு வளர்ச்சியையும் முறையாகச் சோதித்துப் பார்ப்போம்.

ஐந்து நாள் ஊசி என்றால் முதல் நாள் ஐந்து உருண்டைகளைச் செய்து தட்டில் அடுக்குங்கள். ஒவ்வோர் ஊசிக்குப் பிறகும் ஒன்றைக் குழந்தை தன் உள்ளங்கையால் ஓங்கி நசுக்கட்டும். மீதியை எண்ணிச் சொல்லட்டும். மறுநாள் மாவு காய்ந்திருந்தால், மீதமுள்ள எண்ணிக்கையில் புதிதாக உருட்டச் சொல்லுங்கள். எத்தனை உருட்ட வேண்டும் என்பதைக் குழந்தையே சொல்ல வேண்டும். மாவு வேண்டுவோர் முந்தைய நாள் மாலையே பணியிலுள்ள செவிலியரிடம் தெரிவித்தால், உங்கள் குழந்தைக்கு எந்த மாவு தக்கது என்பதை மருத்துவக் குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்வார்.