பிள்ளையிடம் மறைக்கலாமா?

"அம்மா ஊருக்குப் போயிருக்கா. நாலு நாள்ல வந்துடுவா."

தாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளையிடம் சொல்லும் முதல் பொய் இதுதான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "பச்சப் புள்ளைக்கு எதுக்கு இந்தக் கவலை?" என்கிற பாசம்தான்.

ஆனால் பிள்ளைக்குக் கண் இல்லையா? பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்க்கிறது. தான் உள்ளே வந்ததும் அப்பாவும் மாமாவும் பேச்சை நிறுத்துவதையும் கவனிக்கிறது. என்னவோ நடக்கிறது என்று தெரிகிறது. மிச்சத்தைத் தானாகவே கற்பனை செய்து கொள்கிறது.

"நான் சேட்டை பண்ணினேன், அதான் அம்மாவுக்கு இப்படி ஆச்சு." அஞ்சாறு வயதில் இப்படி ஒரு நினைப்பு வருவது உண்டு. வெளியே சொல்லாது. ராத்திரி படுக்கையை நனைக்கும். பள்ளிக்கூடம் புறப்படும் நேரத்தில் வயிறு வலிக்கிறது என்னும்.

பெரிய பையன்கள் வேறு ரகம். எரிந்து விழுவார்கள். இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல் கிரிக்கெட் ஆடப் போய்விடுவார்கள். "கல்நெஞ்சுக்காரன்" என்று திட்டாதீர்கள். அவனும் உள்ளே அழுதுகொண்டுதான் இருப்பான்.

பெண் பிள்ளைகள் பாடுதான் மோசம்! 13 வயதில் சோறு வடித்து, தம்பிக்குத் தலை வாரி, அப்பாவுக்கு டிபன் கட்டி... "பொறுப்பான பொண்ணு" என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். அவள் எப்போது அழுவது? எப்போது படிப்பது?

நாலு வரி போதும்

நோயின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். "சும்மா காய்ச்சல்" என்று சொல்லி வைத்தால், நாளைக்குத் தனக்குக் காய்ச்சல் வந்தாலே பிள்ளை நடுங்கும்.

"அம்மாவுக்கு கேன்சர். டாக்டர் மருந்து குடுக்கறாரு. உன்னால வந்தது இல்ல. தொட்டா ஒட்டாது, கட்டிப் பிடிச்சுக்கலாம்." இவ்வளவுதான்.

கீமோதெரபி மருந்து ஏற்றினால் பலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும். கொட்டும் முன்பே சொல்லி வையுங்கள். சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலும் முளைத்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"அம்மா செத்துடுவாளா?" என்று கேட்டால்? மாட்டவே மாட்டாள் என்று சத்தியம் செய்யக் கூடாது. "காப்பாத்தத்தான் டாக்டருங்க பாக்கறாங்க. ஏதாச்சும்னா உங்கிட்ட மறைக்க மாட்டேன்" என்று சொல்லலாம். சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

1954ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வெளியூர்களிலிருந்தும் வருகிறார்கள். தாயும் தகப்பனும் இங்கே, பிள்ளை அத்தை வீட்டிலே! அப்படிப்பட்டவர்கள் தினம் ஒரு தடவையாவது போனில் முகத்தைக் காட்டிப் பேசுங்கள். வகுப்பு ஆசிரியரிடமும் விஷயத்தைச் சொல்லி விடுங்கள். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று முட்டி போட வைக்காமலாவது இருப்பார். பல நாளாகத் தூங்காமல், சாப்பிடாமல் இருந்தால் 14416க்கு போன் செய்யலாம். மனநல ஆலோசனை இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பார்க்க வரும் உறவினர்களுக்கும் ஒன்று. "இந்த வயசுல இப்படி ஆயிடுச்சே" என்று பிள்ளை எதிரே ஒப்பாரி வைக்காதீர்கள். வருவதுதான் வருகிறீர்கள், ஒரு தூக்கில் சாம்பார் சாதம் கொண்டு வாருங்கள். அந்தப் பெண் ஒரு வேளையாவது அடுப்படியை விட்டுப் புத்தகத்தைத் தொடுவாள்.