மேகம் மூடினாலும் சிங்கப்பூர் தெரியும்: ரேடார் துணைக்கோளம் எதைப் பார்க்கிறது?

விண்ணிலிருந்து எடுத்த ரேடார் படத்தில் சிங்கப்பூரைப் பார்த்தால் முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். கடல் கறுப்பு, நகரம் வெள்ளை. தெற்கே நீரிணையில் அரிசி இறைத்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள். அவை கப்பல்கள்!

இருட்டுலகூட எடுக்கலாமா?

எடுக்கலாம். கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும். மேகம் வந்தால் அவ்வளவுதான். ரேடார் துணைக்கோளமோ தானே நுண்ணலைகளை அனுப்பி, திரும்பும் எதிரொலியைப் பதிவு செய்கிறது. மேகமும் இரவும் அதற்குத் தடையில்லை. மேகமூட்டம் அதிகமுள்ள நம் வட்டாரத்துக்கு இது பெரிய வசதி. சிங்கப்பூரின் சொந்த ரேடார் துணைக்கோளமான டிஎஸ்-எஸ்ஏஆர், 2023 ஜூலை 30ஆம் தேதி இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது.

ஏன் கடல் மட்டும் கறுப்பு?

அமைதியான நீர் கண்ணாடி மாதிரி. அலைகளை வேறு பக்கம் திருப்பிவிடும். கட்டடச் சுவர்களும் இரும்புக் கப்பல்களும் அவற்றை வந்த வழியே திருப்பி அனுப்பும். அதனால் பளிச்செனத் தெரியும்.

எண்ணெய் சிந்தினால் கடலின் சிற்றலைகள் அடங்கிவிடும். அந்த இடம் இன்னும் கறுப்பாகும். 2024 ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங்கில் சுமார் 400 டன் எண்ணெய் கசிந்தது நினைவிருக்கும். அது செந்தோசா, ஈஸ்ட் கோஸ்ட் கரைகள்வரை போனது. அத்தகைய நேரத்தில் எண்ணெய் எங்கே நகர்கிறது என்று தேட ரேடார் உதவும். ஆனால் காற்று ஓய்ந்த கடலும் கறுப்பாகவே தெரியும். அதனால் நேரில் உறுதிசெய்தே ஆக வேண்டும்.

நிலம் தாழ்வதும் தெரியுமா?

தெரியும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து, எதிரொலி அலைகளில் உள்ள சிறு வித்தியாசத்தை ஒப்பிடுவார்கள். பல ஆண்டுப் படங்களைச் சேர்த்தால், நிலம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் இறங்கினாலும் கண்டுபிடிக்கலாம். கட்டடங்கள் உள்ள நகரங்களில் இது நன்றாக வேலை செய்யும். காட்டில் இலைகள் அசைவதால் கணக்குத் தடுமாறும்.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2014 முதல் 2020 வரை எடுத்த ரேடார் படங்களைக் கொண்டு உலகின் 48 கடலோர நகரங்களை ஆராய்ந்தார்கள். பல நகரங்களின் சில பகுதிகள், கடல் உயர்வதைவிட வேகமாகத் தாழ்வது தெரிந்தது. ஜக்கர்த்தாவில் நிலத்தடி நீரை அதிகம் உறிஞ்சியது முக்கியக் காரணம்.

நமக்கு என்ன?

சிங்கப்பூரில் சுமார் 30 விழுக்காட்டு நிலம், கடல்மட்டத்துக்கு மேல் 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. 2100க்குள் இங்கு கடல்மட்டம் 1.15 மீட்டர்வரை உயரக்கூடும் என்கிறது மூன்றாம் தேசியப் பருவநிலை ஆய்வு. ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு அப்பால் சுமார் 800 ஹெக்டர் பரப்பில் 'லாங் ஐலண்ட்' எனும் புதிய நிலத்தை உருவாக்கத் திட்டமும் உண்டு. மீட்கப்பட்ட நிலம் நாளடைவில் இறுகித் தாழ்வது இயல்பு.

ஆகவே, கடல் எவ்வளவு உயரும் என்பது பாதிக் கேள்விதான். காலடி நிலம் எவ்வளவு இறங்குகிறது என்பது மீதிக் கேள்வி. எங்கே, எவ்வளவு என்பதை ரேடார் சொல்லும். ஏன் என்பதைத் தரையில் இறங்கித்தான் தேட வேண்டும். தடுப்புச் சுவரை எங்கே, எவ்வளவு உயரத்தில் கட்டுவது என முடிவெடுக்க இரண்டும் தேவை.