பெண்களும் பந்தாட்டமும்

ஒரு கல்லூரியின் பெண்கள் கைப்பந்துக் கோஷ்டி மூன்று நான்கு வருஷங்கள் சேர்ந்தாற்போல் தோற்றுக்கொண்டு வருமானால், அதற்குக் காரணம் சொல்லுகிறவர்கள் நம் நாட்டில் இரண்டு கட்சியாய்ப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு கட்சியார், "பெண்பிள்ளைகளுக்கு எதற்கு ஐயா இந்தத் துள்ளலும் குதியும்? அவர்கள் சரீரம் அதற்கு ஏற்பட்டதல்லவே" என்பார்கள். மற்றொரு கட்சியார் சற்று தாராள புத்தியுள்ளவர்கள். பெண்கள் ஆடலாம் என்பார்கள். ஆனால் ஆட்டத்துக்கு முன் ஓர் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, பந்துக்குக் குங்குமம் வைத்து, இராகு காலம் கழிந்த பிறகே வண்டியேறச் சொல்லுவார்கள். அப்படியும் தோற்றால் கிரகம் சரியில்லை என்று அடுத்த வருஷத்துக்குப் பரிகாரம் தேடுவார்கள். இவ்விரு கட்சியாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பெண்களுக்கு ஆடக் கற்றுக் கொடுத்தது யார், எத்தனை மணி நேரம், எந்த மைதானத்தில், என்ன சாப்பாடு போட்டு என்பதே அது.

மதுரையிலிருந்து தென்காசிக்குப் போகும் பெருஞ்சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முன்னதாகக் கிருஷ்ணன்கோவில் இருக்கின்றது. கோவிலின் பேரால் ஏற்பட்ட ஊர். ஆனால் இன்றைக்கு அவ்வூர் வெளியாருக்குத் தெரிவது, 1984ஆம் வருஷத்தில் தொடங்கி இப்போது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாய் இருக்கும் கலசலிங்கம் கல்லூரியினாலேயாகும். பாட்டிமார்கள் கைநாட்டு வைத்த குடும்பங்களின் பெண்கள் இன்று பஸ்ஸேறிப் போய்ப் பொறியியலும் கம்ப்யூட்டரும் படிக்கும் காலம் இது. படிப்பு விஷயத்தில் பெண்ணின் மூளைக்குக் குறைவில்லை என்று ஒப்புக்கொண்டுவிட்ட பெரியவர்கள், அவள் கால் ஓடுவதற்கும் கை ஓங்குவதற்கும் மட்டும் இன்னும் உத்தரவு கேட்கச் சொல்லுகிறார்கள். எந்த ஒரு கல்லூரியையும் சுட்டி நாம் இதைச் சொல்லவில்லை. அநேகமாய் எல்லா இடத்துச் சங்கதியும் இதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே சாலை நெடுகப் பெண்ணின் கையில் பந்து இருப்பதைப் பாடிப் பரவசப்படுகிறவர்களுக்குக் குறைவே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பாடிய திருப்பாவையில் நப்பின்னையின் விரல்களில் பந்து இருக்கின்றது. மார்கழி மாதம் விடியற்காலையில் குளித்துவிட்டு அதைப் பாடுகிறார்கள். இன்னும் தெற்கே குற்றாலத்துக்குப் போனால் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கிறாள். கவிராயர் அவள் வளையைப் பார்த்தார், இடையைப் பார்த்தார், இன்னும் எதை எதையோ பார்த்தார்; பந்து எங்கே போய் விழுந்தது என்று மட்டும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆகவே, பாட்டிலே பெண் பந்தாடினால் பக்தி, அல்லது ரசம். அவளே அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினால் குடும்ப மானம் போய்விடும்! பார்க்கிறவன் சந்தோஷத்துக்கு ஆடினால் பாதகமில்லை, தன் சந்தோஷத்துக்கு ஆடுவதே குற்றம் என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் உண்டா என்று கேட்கின்றோம்.

சரீரம் தாங்காது என்பவர்களுக்கு இந்த ஆட்டத்தின் பிறப்பைச் சொன்னால் போதும். வாலிபால் என்னும் இந்தக் கைப்பந்தை 1895இல் அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊரில் வில்லியம் மார்கன் என்பவர் உண்டாக்கினார். கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் தேகப்பயிற்சி சொல்லிக் கொடுத்தவர் அவர். கூடைப்பந்தில் ஓடி ஓடி மூச்சு வாங்கிய நடுவயது வியாபாரிகள், அவ்வளவு சிரமமில்லாத ஓர் ஆட்டம் வேண்டுமென்றார்கள். டென்னிஸ் வலையை உயர்த்திக் கட்டி அவர்களுக்காக அவர் ஏற்படுத்தியதுதான் இது. ஆகவே, தொந்தி சரிந்த வியாபாரிகளுக்கென்று பிறந்த ஆட்டத்தைத்தான் நம்மவர்கள், ஒரு குடம் தண்ணீரை இடுப்பிலும் மற்றொன்றைத் தலையிலும் வைத்து நடக்கிற பெண்ணின் சரீரத்துக்குத் தாங்காது என்கிறார்கள்! வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர், அதாவது ஏழடி நாலு அங்குலம். அந்த ஒன்றைத் தவிர ஆடுகளமும் பந்தும் கணக்கும் இருவருக்கும் ஒன்றே. இன்னொரு விசேஷமும் உண்டு. இந்த ஆட்டத்தில் ஆறு பேரும் இடம் மாறிச் சுற்றி வர வேண்டும். முன்வரிசை எனக்கே என்று யாருக்கும் பரம்பரைப் பட்டா கிடையாது.

சென்னையில் 1920இல் பக் என்கிற துரை தேகப்பயிற்சி ஆசிரியர்களுக்கென்று ஒரு கல்லூரி ஏற்படுத்தினார். அப்படிப் பயிற்சி பெற்றவர்கள் வழியே இந்த ஆட்டம் பள்ளிக்கூடங்களுக்கும், பிறகு கண்மாய்க்கரைப் பொட்டல்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆண்களுக்குத்தான் சேர்ந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்திய ஆண்கள் இந்த ஆட்டத்தில் 1958, 1962, 1986 ஆகிய மூன்று தடவை மெடல் வாங்கினார்கள். பெண்கள் ஒரு தடவைகூட வாங்கவில்லை. கட்டைக் குட்டையான சரீரம், சோற்றுச் சரீரம் என்று இதற்கும் சமாதானம் சொல்லுகிறவர்கள் உண்டு.

அவர்களுக்கு ஒரு நூற்பாலையின் கதையைச் சொல்ல விரும்புகிறோம். ராஜபாளையத்துக்காரர்களுக்கு ஆலைச் சங்கு, ஷிப்டு, பஞ்சுத் தூசி எல்லாம் நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜப்பானில் ஒசாகாவுக்குத் தெற்கே கைசுகா என்ற ஊரில் நிச்சிபோ என்ற கம்பெனியின் ஆலை ஒன்று இருந்தது. அங்கே வேலை செய்த பெண்களைக் கொண்டு டைமட்சு என்பவர் 1950களில் ஒரு கோஷ்டியைப் பழக்கினார். ஜப்பானில் அப்போது வழக்கத்திலிருந்தது ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடும் ஆட்டம். உலகம் ஆடியதோ ஆறு பேர் ஆட்டம். எனவே இருந்ததை எல்லாம் மறந்து முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. பெண்கள் பகலில் ஆலையில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் தொடங்கி நடுநிசி வரை பழகினார்கள்.

எதிரே நின்ற ருஷ்யப் பெண்கள் நெட்டையானவர்கள். வலைக்கு மேலே அவர்களோடு போட்டியிட்டுப் பயனில்லை என்று டைமட்சு கண்டார். ஆகவே, எவ்வளவு வேகமாய் அடித்தாலும் பந்தைத் தரையில் விழவிடாமல் எடுப்பதென்று தீர்மானித்தார். பாய்ந்து விழுந்து பந்தை எடுத்து, விழுந்த வேகத்திலேயே உருண்டு மறுபடியும் எழுந்து நிற்கிற வித்தையைப் பழக்கினார். நம் தஞ்சாவூர்ப் பொம்மையைத் தள்ளத் தள்ள அது எழுந்து நிற்குமே, அதுபோல. 1960இல் ஜப்பான் பெண்கள் உலகப் போட்டியில் இரண்டாவதாக வந்தார்கள். 1962இல் மாஸ்கோவிலேயே ருஷ்யர்களைத் தோற்கடித்து முதலாவதாக வந்தார்கள். 1964 அக்டோபர் 23ஆம் தேதி டோக்கியோ ஒலிம்பிக்கில் ருஷ்யாவை மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் அந்த ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்கள்.

இதற்கு வெளிநாட்டார் கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? "கிழக்கத்திச் சூனியக்காரிகள்" என்பது. ஆண்பிள்ளை ஜெயித்தால் சாமர்த்தியம், பெண்பிள்ளை ஜெயித்தால் சூனியம்! மூடத்தனத்துக்கு மேற்கு கிழக்கு இல்லை போலும்.

கல்லூரிப் பெண்களைப் பழக்குகிறவர்கள் இதிலே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தோற்கிற கோஷ்டியின் ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்தால், அநேகமாய் முதல் பந்திலேயே அது தோற்பது விளங்கும். ஜனங்கள் கைதட்டுவது ஓங்கி அடிக்கிறவளுக்கு. ஆனால் எதிராளி போட்ட சர்வீசை வாங்குகிறவள் சரியாய் வாங்காவிட்டால் தூக்கிக் கொடுக்கிறவளுக்குப் பந்து சேராது. சேராத பந்தை அடிக்க ஆள் இருந்து என்ன பிரயோஜனம்? நாற்று நடாமல் கதிரறுக்க ஆள் கூப்பிடுவது போன்றதே அது. கைதட்டு வாங்காத இந்த முதல் பந்திலிருந்து தொடங்குகிற ஆசிரியர் கிடைத்தால் அந்தக் கோஷ்டிக்கு விமோசனம் உண்டு. போட்டிக்குப் பத்து நாளைக்கு முன் உயரமான பெண்களாய்ப் பொறுக்கி நிறுத்தி, அடி அடி என்று கத்துகிறவர் கிடைத்தால் இல்லை.

நிற்க, டைமட்சுவை நாம் கொண்டாடப் போவதில்லை. அவர் பழக்கிய விதம் பட்டாளத்து விதம். விழுந்தவள் எழுமுன் அடுத்த பந்து, அழுதால் அதற்கும் ஒரு பந்து. "பேசாமல் என் பின்னால் வா" என்பதே அவர் கொள்கை. அந்தப் பேராலேயே புஸ்தகமும் எழுதினார். குருவின் காலில் விழு, கேள்வி கேட்காதே என்று நம் நாட்டில் வெகுகாலமாய்ச் சொல்லி வருவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கேள்வி கேட்கக் கூடாத இடத்தில் பெண்கள் நிலைமை என்னவாகும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2023இல் டில்லி ஜந்தர் மந்தரில் மல்யுத்த வீராங்கனைகள் தங்கள் சம்மேளனத் தலைவர் மீதே பாலியல் புகார் சொல்லித் தெருவில் உட்கார்ந்ததை நாடு பார்த்தது. உலக மெடல் வாங்கியவர்களுக்கே தெருவில் உட்கார வேண்டியிருந்தது என்றால், பதினெட்டு வயதுக் கல்லூரிப் பெண் யாரிடம் போய்ச் சொல்லுவாள்?

அடிக்காமல் மிரட்டாமல் கோஷ்டியைத் தூக்கி நிறுத்த முடியாது என்பார்கள். அதற்குச் சீன தேசத்து லாங் பிங் என்ற அம்மையார் பதில். 1984இல் ஆட்டக்காரியாய் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் அவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சீனப் பெண்கள் காலிறுதியிலேயே ஜப்பானிடம் தோற்றுத் திரும்பினார்கள். 2013இல் இவர் கையில் கோஷ்டியைக் கொடுத்தார்கள். பேர்பெற்ற பன்னிரண்டு பேரையே தேய்த்துக் கொண்டிருக்காமல், இளம் பெண்கள் பலரைக் கூட்டி மாற்றி மாற்றி ஆடவிட்டார். அடிபட்டவளுக்கு ஓய்வும் வைத்தியமும் கொடுத்தார். 2014இல் உலகப் போட்டியில் இரண்டாவது இடம், 2015இல் உலகக் கோப்பை. 2016 ரியோ ஒலிம்பிக்கின் முதல் சுற்றில் ஐந்து ஆட்டத்தில் மூன்று தோல்வி. நம் ஊராயிருந்தால் அன்றைக்கே ஜோசியரைக் கூப்பிட்டிருப்பார்கள். அந்த அம்மையார் யாரையும் கூப்பிடவில்லை. காலிறுதியில் பிரேசிலை அதன் சொந்த மண்ணில் தோற்கடித்துக் கடைசியில் தங்கம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஜோசியரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நாம் சொன்னது கேலிக்காக அல்ல. 2022இல் இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஆண்கள் கோஷ்டிக்காக ஒரு ஜோசியக் கம்பெனியை 16 லட்ச ரூபாய்க்கு அமர்த்தியதாய்ப் பத்திரிகைகளில் வந்தது. அதே கோஷ்டி 2024 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பைக்குப் போயிற்று. ஆட்டம் மூன்று, தோல்வி மூன்று, போட்ட கோல் பூஜ்யம். 16 லட்சத்துக்கு எத்தனை பந்து, எத்தனை முட்டை, எத்தனை மாதச் சம்பளம் என்று கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கட்டும்.

முட்டையைப் பற்றிச் சொன்னது காரணத்தோடுதான். 2019–21இல் சர்க்கார் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். வீட்டில் ஆண்கள் தின்றது போக மிச்சத்தைத் தின்று வளர்ந்த பெண் இரண்டாவது செட்டில் கால் தள்ளாடினால் அது கிரகமா, சாப்பாடா? மாதவிலக்கு வந்த மூன்று நாள் தீட்டு என்று ஒதுக்கி வைப்பதும், அதைப் பற்றி ஆண் ஆசிரியரிடம் வாய் திறக்க வெட்கப்பட்டு ஏதோ தலைவலி என்று பொய் சொல்லவைப்பதும் எந்தப் பயிற்சிக்கு உதவும்? இதற்காகவே பெண்களைப் பழக்கப் பெண் ஆசிரியர்கள் ஏராளமாய் வரவேண்டும் என்கிறோம். பழைய ஆட்டக்காரிகள் இல்லாமலா போனார்கள்? கல்யாணமானதும் மைதானத்தை விட்டு அடுப்படிக்கு அனுப்பப்பட்டிருக்கிறார்கள்.

அந்த ஜப்பானியக் கோஷ்டியின் தலைவி காசாய் என்ற பெண்ணுக்குத் தங்கம் வாங்கியபோது வயது 31, கல்யாணமாகவில்லை. அதுவே அங்கே ஒரு பெரிய கவலையாகி, கடைசியில் பிரதம மந்திரியே வரன் பார்த்துக் கொடுத்தாராம்! அங்கே தங்கம் வாங்கியவளுக்கு வந்த கவலை. நம் தமிழ்நாட்டிலோ, ஏழைப் பெண்கள் மூன்று வருஷம் ஆலை விடுதியில் அடைந்து கிடந்து உழைத்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாய் ஒரு தொகை என்று ஆசைகாட்டி, அதற்குச் "சுமங்கலித் திட்டம்" என்று பேரும் வைத்தார்கள் சில ஆலைக்காரர்கள். கைசுகாவில் இருந்ததும் நூல்தான், இங்கே இருந்ததும் நூல்தான். அங்கே ஆலைக்குள் ஓர் ஆடுகளமாவது இருந்தது.

கல்லூரிக் கோஷ்டிக்கு இன்னுமொரு கஷ்டம் உண்டு. மூன்று நான்கு வருஷத்தில் பழக்கிய பெண்கள் எல்லாம் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். கல்லூரிக்கு வந்த பிறகுதான் பந்தைத் தொடுகிறாள் என்றால், அவள் கற்று முடிக்கிற நாளும் வெளியேறுகிற நாளும் ஒன்றாகிவிடும். ஆகையால் புத்தியுள்ள ஆசிரியர் சுற்றுவட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போய் ஆறாவது ஏழாவது படிக்கிற சிறுமிகளிலேயே தொடங்கவேண்டும். வயதுக்கு வந்துவிட்டாள், இனி அனுப்பமாட்டோம் என்று சொல்லும் வீட்டில் போய் உட்கார்ந்து வாதாட வேண்டும். ரயில்வேயிலும் போலீசிலும் ஆட்டக்காரர்களுக்கு வேலை உண்டு என்று எடுத்துச் சொல்ல வேண்டும். பந்தடிக்கக் கற்றுக் கொடுப்பதைவிட இந்த வாதாட்டமே அவருக்குப் பாதி வேலை. மாதச் சம்பளமில்லாமல், போட்டிக்காலத்தில் மட்டும் கூப்பிட்டுக் கையில் எதையோ கொடுத்தனுப்பினால் இதை எந்த ஆசிரியர் செய்வார்?

விடுதிப் பெண்கள் ஆறு மணிக்கு அறைக்குள் இருந்தாக வேண்டும் என்று விதி போட்டுவிட்டு, வகுப்பு விடுவதை ஐந்து மணிக்கு வைத்திருக்கிற நிர்வாகங்கள் உண்டு. மைதானத்தில் நாலு விளக்குப் போட்டு, ஒரு பெண் காவலரை நிறுத்தினால் தீர்ந்து போகிற காரியம் அது. அதற்குப் பணமில்லை என்பார்கள். ஆயுத பூஜை வரட்டும். பொரியும் சுண்டலும் பூமாலையும் வாங்கப் பணம் இருக்கும். அன்றைக்கு மட்டும் பெண்கள் கோஷ்டியின் பந்தை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து, சந்தனம் பூசி, மேஜை மேல் வைப்பார்கள். காற்றிறங்கிப் போனபடியால் அது உருளாமல் வைத்த இடத்திலேயே இருக்கும்.