வாசலில் ஓர் ஊர்

நுழையும்முன்

மலையைக் காணச் செல்வோர் பெரும்பாலும் மலையை மட்டுமே காண்கின்றனர். அம்மலையின் மடியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஊர் அவர்கள் கண்ணில் படுவதில்லை. அவ்வூருக்கு மலைமீது உள்ள உரிமை என்ன? அங்குச் செல்லும் நமக்கு உள்ள கடமை என்ன? இமயமலைச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

சாலை முடியும் இடத்தில்தான் இமயத்தின் நடைபயணம் தொடங்குகிறது. அதற்கு மேல் ஊர்தி செல்லாது. கற்பலகை வேய்ந்த வீடுகள், மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் வயல்கள், ஒரு சிறு கோயில், ஒரு தேநீர்க் கடை என அங்கே ஓர் ஊர் இருக்கும். தொலைவிலிருந்து வரும் பயணியர் அவ்வூரில் ஓரிரவு தங்குவர். சுமை தூக்க ஆளும் கோவேறு கழுதையும் அமர்த்திக்கொள்வர். விடிந்ததும் மேலே ஏறிவிடுவர். திரும்பி வந்தபின் அவர்கள் காட்டும் ஒளிப்படங்களில் சிகரம் இருக்கும், பனி இருக்கும், ஏரி இருக்கும். புறப்பட்ட ஊரோ ‘தொடங்குமிடம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடும்.

ஒரு வீட்டின் வாசலில் நின்று, வீட்டாரைக் கேளாமல் உள்ளே நுழைவதை எவரும் முறையென்று சொல்லமாட்டார். மலைக்கு வாசலாக இருப்பது அதன் அடியிலுள்ள ஊர். அவ்வூராரைக் கேளாமல் மலையைத் திறப்பதும் முறையன்று, மூடுவதும் முறையன்று. மலைப்பாதை பற்றிய முடிவுகளில் முதற்குரல் மலையூருக்கே உரியது என்பது என் கருத்து. லாத்தா என்னும் சிற்றூரின் வரலாறு இக்கருத்துக்கு வலுவான சான்றாக நிற்கிறது.

நந்தாதேவியின் மடியில்

உத்தரகாண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில், ஜோஷிமட்டிலிருந்து திபெத் எல்லை நோக்கிச் செல்லும் சாலைக்கு மேலே, தவுளிகங்கை ஆற்றின் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது லாத்தா. நந்தாதேவி மலைப்பகுதிக்குச் செல்லும் நடைபாதை இவ்வூரிலிருந்து ஏறுகிறது. 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவி, முழுவதும் இந்திய எல்லைக்குள் அமைந்த சிகரங்களுள் மிக உயர்ந்தது. மலையேறுவோர்க்கு அது சிகரம். லாத்தா மக்களுக்கோ தெய்வம். அத்தெய்வத்துக்கு ஊரில் பழமையான கோயிலும் உண்டு.

இவ்வூரார் போட்டியா என்னும் மலைவாழ் மக்கள். இவர்களுடைய முன்னோர் ஆடுகளின் முதுகில் தானியத்தை ஏற்றிக் கணவாய்களைக் கடந்து திபெத்துக்குச் சென்றனர். உப்பும் கம்பளி மயிரும் மாற்றிக்கொண்டு திரும்பினர். 1962ஆம் ஆண்டு நிகழ்ந்த இந்திய–சீனப் போரோடு அவ்வணிகம் நின்றது. அதன்பின் வேளாண்மையும் ஆடு மேய்த்தலும் மூலிகை திரட்டுதலுமே பிழைப்பாயின.

லாத்தாவிலிருந்து மேலேறினால் முதலில் அடர்ந்த காடு. காட்டுக்கு மேல் லாத்தா கரக் என்னும் புல்வெளி. ‘கரக்’ என்பது மேய்ப்பர் தங்கும் மலைமேய்ச்சல் நிலத்தைக் குறிக்கும் சொல். எவருடைய கால்கள் அப்பாதையை உண்டாக்கின என்பதை அவ்விடத்தின் பெயரே சொல்லிவிடுகிறது.

வழியறிந்த கால்கள்

நந்தாதேவியைச் சுற்றிலும் உயர்ந்த சிகரங்கள் கோட்டைமதில்போல் சூழ்ந்துள்ளன. அம்மதிலைப் பிளந்து வெளியேறும் ஒரே ஆறு ரிஷிகங்கை. 1934ஆம் ஆண்டு எரிக் ஷிப்டன், பில் டில்மன் என்னும் ஆங்கிலேயர் இருவர் அவ்வாற்றின் செங்குத்தான பள்ளத்தின் வழியே மதிலுக்கு உட்புறத்தை அடைந்தனர். மலையேற்ற வரலாற்றில் இஃது ஒரு மைல்கல். ஆயினும், அவர்களோடு ஆங்தர்கே, பசாங், குசாங் என்னும் ஷெர்ப்பாக்கள் மூவரும் சென்றனர் என்பதை நினைப்பவர் மிகச் சிலரே. சுமையோடு பாறையில் தொற்றி ஏறியவர்களின் பெயர்கள் பின்னுக்குப் போய்விட்டன.

இவ்வாறு மறக்கப்பட்ட அறிவு எத்தகையது என்பதை அறிய, நந்தாதேவிக்குக் கிழக்கேயுள்ள ஜோகார் பள்ளத்தாக்கை நோக்கலாம். அங்குள்ள மிலம் என்னும் ஊரைச் சேர்ந்தவர் நயின் சிங் ராவத். 1865ஆம் ஆண்டு அவர் மாறுவேடம் பூண்டு திபெத்துக்குப் புறப்பட்டார். தம் காலடிகளை ஒரே அளவாக வைத்து நடக்கப் பழகி, நூறு அடிக்கு ஒரு மணி வீதம் செபமாலையை உருட்டித் தொலைவைக் கணக்கிட்டார். அடுத்த ஆண்டு லாசா நகரை அடைந்து, அதன் இருப்பிடத்தையும் உயரத்தையும் அளந்தார். நடந்தே நிலப்படம் வரைய உதவிய அம்மனிதருக்கு 1877ஆம் ஆண்டு இலண்டனிலுள்ள அரச புவியியல் கழகம் தங்கப்பதக்கம் வழங்கியது.

மலையூர் மனிதரின் அறிவு வெறும் உடல்வலிமை அன்று. எந்த மாதத்தில் எந்த ஓடை பெருகும், எந்தச் சரிவில் பனி சரியும், எவ்விடத்தில் தங்கினால் மூச்சுத் திணறாது என்பன எல்லாம் நடந்து நடந்து சேர்த்த கல்வி. அக்கல்வியை நாள்கூலிக்கு வாங்கிக்கொண்டு, அதற்குரியவர்களை முடிவெடுக்கும் இடத்திலிருந்து விலக்கி வைப்பது அறமாகுமா?

பூட்டிய கதவு

லாத்தாவில் பிறந்து அண்டை ஊரான ரேணிக்கு மணம் முடித்துச் சென்றவர் கௌரா தேவி. 1974 மார்ச் 26 அன்று ரேணிக் காட்டை வெட்ட ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்தனர். நிலத்துக்கான இழப்பீடு பெறுவதற்காக ஊரின் ஆடவர் வெளியூர் சென்றிருந்த நாள் அது. கௌரா தேவியின் தலைமையில் இருபத்தேழு பெண்கள் காட்டுக்குள் சென்று மரங்களைக் காத்து நின்றனர். வந்தவர்கள் திரும்பிச் சென்றனர். ‘சிப்கோ’ இயக்கத்தின் வரலாற்றில் இந்நிகழ்வு நிலைபெற்றது.

அக்காலத்தில் நந்தாதேவியை நாடி வரும் மலையேற்றக் குழுக்கள் பெருகத் தொடங்கின. குப்பை குவிந்தது, விறகுக்காக மரம் வெட்டப்பட்டது. இதைத் தடுக்க வேண்டி, 1982ஆம் ஆண்டு அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே மனித நடமாட்டம் தடைசெய்யப்பட்டது. 1988ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் அது இடம்பெற்றது.

தடையின் நோக்கம் நல்லதே. ஓய்வின்றி மிதிபட்ட மலைக்கு ஓய்வு தேவைப்பட்டது. ஆனால், தடை வேறுபாடு அறியவில்லை. ஒரு கோடையில் வந்து மறுநாள் மறைந்துபோகும் பயணிக்கும், நூற்றாண்டுகளாக அங்கே ஆடு மேய்க்கும் குடும்பத்துக்கும் ஒரே பூட்டு போடப்பட்டது. மேய்ச்சல் நிலம் போயிற்று; மூலிகை போயிற்று; வழிகாட்டியும் சுமை தூக்கியும் ஈட்டிய வருவாயும் போயிற்று. காட்டைக் காத்த மக்களே காட்டுக்கு அயலாராயினர்.

திறந்த கதவு

பூட்டுதல் தவறென்றால் அகலத் திறந்துவிடுதல் சரியாகுமா? இதற்கு விடை, அதே மாவட்டத்திலுள்ள வாண் என்னும் ஊரில் கிடைக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் நந்தாதேவி ராஜ்ஜாத் ஊர்வலம், நான்கு கொம்புடைய ஆட்டுக்கடா முன்செல்ல, இவ்வூரின் வழியாகவே மலையேறும். ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்திலுள்ள ரூப்குண்ட் ஏரிக்குச் செல்லும் பாதையும் இதுவே. 1942ஆம் ஆண்டு அவ்வேரியில் மனித எலும்புகள் கண்டறியப்பட்டது முதல் அதன் புகழ் பரவியது.

புகழ் பரவப் பரவக் கூட்டம் பெருகியது. வழியிலுள்ள பெத்னி போன்ற உயர்மலைப் புல்வெளிகள் ஆண்டின் பெரும்பகுதி பனியில் புதைந்து கிடப்பவை; சில மாதங்களே புல் வளரும். அக்குறுகிய காலத்தில் வரிசை வரிசையாகக் கூடாரம் அடித்தால் புல்லின் வேர் எவ்வாறு தாங்கும்? 2018ஆம் ஆண்டு உத்தரகாண்ட் உயர்நீதிமன்றம் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதைத் தடைசெய்தது. அங்குச் செல்வோர் எண்ணிக்கையை நாளொன்றுக்கு இருநூறு என வரையறுத்தது.

புல்வெளி மூச்சுவிட அத்தீர்ப்பு உதவியது. ஆனால், இழப்பு எவருக்கு என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். வெளியூரிலிருந்து பயணம் நடத்துவோர் வேறு மலைக்குப் போய்விட முடியும். கழுதை வாங்கியவரும் வீட்டில் ஓர் அறை கூடுதலாகக் கட்டியவரும் எங்கே போவர்? கதவைத் திறந்தபோது கிடைத்த ஆதாயத்தில் சிறுபங்கே பெற்ற ஊர், கதவு மூடியபோது இழப்பில் பெரும்பங்கைச் சுமக்க நேர்ந்தது.

ஊரின் தீர்மானம்

மூடிய கதவின் முன் லாத்தா மக்கள் வாளாவிருக்கவில்லை. 1998ஆம் ஆண்டு ‘ஜப்டோ சீனோ’ என்னும் முழக்கத்தோடு தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் திரண்டு நுழைந்தனர். ‘பாய்ந்து பற்றிக்கொள்’ என்பது அதன் பொருள். அவர்கள் சினத்தோடு நின்றுவிடவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. 2001ஆம் ஆண்டு அவ்வூரில் கூடிப் பல்லுயிர்ப் பாதுகாப்பு, சூழல்சார் சுற்றுலா ஆகியவை பற்றி ஓர் அறிக்கையை நிறைவேற்றினர். சுற்றுலா வெளியாரின் ஏகபோகமாகக் கூடாது. உள்ளூர் மக்களுக்கே முதல் வாய்ப்பு வேண்டும். பெண்களுக்குச் சம பங்கு வேண்டும். இயற்கைக்குக் கேடு நேராத முறையில் பயணம் அமைய வேண்டும் என்பன அவ்வறிக்கையின் சாரம்.

2003ஆம் ஆண்டு பூங்காவின் ஒரு பகுதி, கடுங்கட்டுப்பாடுகளுடன் நடைபயணத்துக்குத் திறக்கப்பட்டது. உட்பகுதி இன்றும் மூடியே உள்ளது. முழுவதும் பூட்டுவதற்கும் முழுவதும் திறப்பதற்கும் இடையே ஒரு வழி உண்டு என்பதை இது காட்டுகிறது.

ஊரார் மட்டும் மலையைக் கெடுக்கமாட்டார்களா என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. கூடாரம் அடித்துப் பணம் ஈட்டியோருள் மலையூராரும் உண்டு. வறுமை எவரையும் அவசரப்படுத்தும். ஆதலால் ஊரின் குரலே இறுதிக்குரலாக இருக்கவேண்டும் என்று நான் கூறவில்லை. அறிவியலாரின் அளவீடு வேண்டும்; சட்டத்தின் காவலும் வேண்டும். ஆனால், மலை கெட்டால் முதலில் அழிவது ஊரே. அந்த அச்சத்தோடு நாள்தோறும் வாழ்வோரின் சொல்லுக்கு முதலிடம் தருவதில் தவறில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் காட்டைச் சார்ந்து வாழும் மக்களின் உரிமையை ஏற்று, ஊர்ச்சபைக்குப் பொறுப்பளித்துள்ளது.

அச்சொல்லுக்குச் செவிசாய்க்காத காலமும் உண்டு. ரிஷிகங்கையில் நடைபெற்ற நீர்மின் திட்டப் பணிகளை எதிர்த்து, 2019ஆம் ஆண்டு ரேணி மக்கள் சார்பில் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2021 பிப்ரவரி 7 அன்று மலையுச்சியிலிருந்து பாறையும் பனிப்பாளமும் பெயர்ந்து விழ, ஆற்றில் பெருவெள்ளம் பாய்ந்தது. அத்திட்டம் அடித்துச் செல்லப்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். பாறை பெயர்ந்ததற்குத் திட்டம் காரணமன்று. ஆயினும், வெள்ளம் பாயும் வழியில் அத்தனை மனிதரை நிறுத்தியது எவருடைய முடிவு என்ற வினா எஞ்சுகிறது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மண்சரிவு அச்சத்தால் கௌரா தேவியின் சிலையையே ரேணியிலிருந்து பெயர்த்து எடுத்துச் செல்ல நேர்ந்தது.

விருந்தினர் கடமை

இன்று படிக்கும் உங்களுள் சிலர் நாளை இமயம் நோக்கி நடக்கக்கூடும். ‘விருந்து’ என்னும் சொல்லுக்குத் தமிழில் புதுமை என்பது பொருள். முன்பின் அறியாமல் புதிதாக வருவோரே விருந்தினர். விருந்தோம்பல் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். விருந்தினராகச் செல்பவரின் கடமை பற்றியும் எண்ண வேண்டிய காலம் இது.

அக்கடமைகள் அரியவை அல்ல. வழிகாட்டியை அவ்வூரிலேயே அமர்த்தலாம்; அவர் பெயரைக் கேட்டறிந்து பெயர் சொல்லி அழைக்கலாம். சுமக்கத்தக்க அளவுக்கு மேல் எவர் முதுகிலும் ஏற்றாதிருக்கலாம். ஊரில் ஒருநாள் கூடுதலாகத் தங்கலாம். உயரத்துக்கு உடல் பழகவும் ஊரை அறியவும் அது உதவும். கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவரலாம். ‘இன்று மேலே போக வேண்டா’ என்று ஊரார் சொன்னால் திரும்பிவிடலாம். சிகரம் எங்கும் போய்விடாது.

மலையூருக்குச் செல்லும் ஒவ்வொருவரும் அங்கே வழி கேட்கின்றனர். ‘இப்பாதை எங்கே செல்கிறது?’ என்பதே அவர்களின் முதல் வினா. அதற்கு முன்னால் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு. நாம் அண்டை வீட்டு வாசலில் நின்று நாள்தோறும் கேட்பதுதான் அது: ‘உள்ளே வரலாமா?’

கற்பவை கற்றபின்

1. உங்கள் மாவட்டத்தில் மக்கள் மிகுதியாகச் சென்றுவரும் மலை, அருவி, காடு ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதனருகே வாழ்வோரிடம் உரையாடி, அவர்களுடைய கருத்துகளைத் தொகுக்க.
2. ‘இயற்கையைக் காக்க மனிதரை முற்றிலும் விலக்குதல் தகும்’ – இக்கூற்றை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. ஒரு மலையூரின் ஊர்ச்சபை உறுப்பினராக உங்களைக் கருதிக்கொண்டு, நடைபயணியர் பின்பற்ற வேண்டிய நெறிகள் ஐந்தினை எழுதுக.