கண்ட பின் படம் பிடிப்போம்

கல்வியைப் போலவே காட்சியும் மனிதனை வளர்க்கும். அதனாலன்றோ நம் முன்னோர் ஊர் சுற்றிப் பார்ப்பதையும் ஒரு படிப்பாகக் கருதினர்! சென்ற விடுமுறையில் மாணவர், பெற்றோர் சிலருடன் நாம் பினாங்குக் கொடிமலைக்குச் சென்று வந்தோம். அங்குக் கண்ட ஒன்று நம்மைச் சிந்திக்க வைத்தது. அதனை இவ்வாண்டு மலரில் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

இரயில் புறப்பட்டதுதான் தாமதம், கைப்பேசிகள் அனைத்தும் கண்ணாடிச் சன்னலில் ஒட்டிக்கொண்டன. உச்சியை அடையும் வரை அவை இறங்கவே இல்லை. இறங்கியபின் ஒரு மாணவனிடம், “தம்பி, வழியில் என்ன கண்டாய்?” என வினவினோம். “இன்னும் பார்க்கவில்லை ஐயா, வீட்டிற்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்” என்றான். அவன் குறும்பாகச் சொல்லவில்லை, உண்மையையே சொன்னான்.

இம்மலை இரயிலின் வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். இது 1923ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. அன்று மரப்பெட்டிகள், கனத்த கம்பிவடத்தின் இரு முனைகளிலும் இரு வண்டிகள். ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். ஆயர் ஈத்தாம் அடிவாரத்தில் ஏறி, நடுவழி நிலையத்தில் வேறு வண்டிக்கு மாறி, உச்சியைச் சேர அரைமணி நேரம் ஆகும். 1977இல் புதிய பெட்டிகள் வந்தன. 2010இல் அந்தப் பழைய சேவை நிறுத்தப்பட்டது. 2011 முதல், இடையில் மாறாமல் நேரே செல்லும் விரைவு வண்டி ஓடுகிறது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் பாதையை அது பத்து நிமிடத்திற்குள் கடந்துவிடுகிறது. அந்தப் பத்து நிமிடத்தையும் கைப்பேசிக்கே கொடுத்துவிட்டால் கண்ணுக்கு எஞ்சுவது யாது?

தமிழகத்தின் நீலகிரி மலை இரயிலையும் எண்ணிப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், உதகமண்டலம் வரை 1908இலும் அப்பாதை திறக்கப்பட்டது. செங்குத்தான பகுதியில், தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விக்கவ்வி ஏறுகிறது. ஆதலால் 46 கிலோமீட்டர் தூரம் ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. 2005இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அவ்வண்டியின் மெதுவே அதன் அழகு. ஒரு வளைவை வேண்டுமளவு பார்த்து, பின்னர் ஒரே ஒரு படம் எடுக்கவும் அதில் நேரம் உண்டு.

படம் பிடிப்பது தவறா என்று கேட்கலாம். தவறன்று. கொடிமலையின் பழைய மரப்பெட்டிகள் எவ்வாறு ஓடின என்பதை இன்றைய பிள்ளைகள் அறிவது அன்று எவரோ எடுத்து வைத்த படங்களால்தான். அக்காலத்தில் ஒரு படச்சுருளில் சில படங்களே எடுக்க இயலும். ஆதலால் எடுப்பவர் முதலில் பார்த்தார். பின்னரே பொத்தானை அழுத்தினார். அந்த நல்வழக்கத்தையே நாம் இழந்து வருகிறோம்.

இலங்கையின் மலையகத்திற்கும் புகழ்பெற்ற இரயில் பாதை ஒன்று உண்டு. கண்டி, நானு ஓயா வழியாகப் பதுளைக்குச் செல்லும் அவ்வண்டியில் பயணிகள் சிலர் படத்திற்காகக் கதவருகே தொங்குகின்றனர். அவ்வாறு தொங்கி விழுந்து உயிர் இழந்தோரும் உளர். ஒரு படத்திற்கு உயிர் விலையாகலாமா?

அங்கே இன்னொன்றையும் நாம் எண்ண வேண்டும். பசுந்தேயிலைச் சரிவில் கூடையுடன் நிற்கும் பெண்ணையும் பலர் காட்சிப்பொருளாகப் படம் பிடித்துச் செல்கின்றனர். அவர் யார்? நம் முன்னோரைப் போலவே தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவரின் வழிவந்தவர். அவர் நெற்றி வியர்வை படத்தில் விழும். அவர் பெயர் விழாது. நம் தாய்மார் பால்மரம் வெட்டும்போது எவரேனும் கேளாமல் படம் எடுத்துச் சென்றால் நமக்கு எவ்வாறு இருக்கும்? ஆதலின், மனிதரைப் படம் பிடிக்குமுன் அவர் இசைவைக் கேட்பதே பண்பு.

இனி, அன்று கொடிமலையில் நடந்ததைக் கூறுவோம். பேரனுடன் வந்திருந்த ஒரு பாட்டி, உச்சியிலிருந்து கடலுக்கு அப்பால் செபராங் பிறைப் பக்கம் கைநீட்டினார். “அதோ, அங்கேதான் ஐயா எங்கள் தோட்டம் இருந்தது. பெரட்டுக் களம், லயம், கோயில் எல்லாம் இருந்தன. இப்போது வீடுகளாகிவிட்டன” என்றார். “அதற்குப் படம் இருக்கிறதா பாட்டி?” எனப் பேரன் கேட்டான். “எங்களை யாரப்பா படம் எடுத்தார்கள்?” என்றார் அவர். அன்றுவரை பேரனின் கைப்பேசியில் மலையும் மேகமும் நூற்றுக்கு மேல் இருந்தன. பாட்டியின் படம் ஒன்றுகூட இல்லை. அவன் முகம் வாடியதை நாம் கண்டோம். பின்னர் அவரை அக்கடலைப் பின்னணியாக நிறுத்தி ஒரு படம் எடுத்தான். அன்று எடுக்கப்பட்ட படங்களுள் அதுவே தலைசிறந்தது என்பது நம் கருத்து.

பெற்றோர்களே, தோட்டப் பாட்டாளித் தோழர்களே! மலை நாளையும் இருக்கும். நம் லயங்களும் மூத்தோரும் அவ்வாறு இருப்பர் என்று சொல்வதற்கில்லை. எஞ்சியிருக்கும் தோட்டத்தை, பால்வாளியை, பள்ளிக்கூடத்தை, பாட்டன் பாட்டியைப் படமாக்கி வையுங்கள். யார், எங்கே, எந்த ஆண்டு என்று படத்தின் கீழ் ஒரு வரி தமிழில் எழுதி வையுங்கள். பெயரில்லாப் படம் ஊமைப் படமன்றோ!

மாணவச் செல்வங்களே! அடுத்த முறை மலை இரயிலில் ஏறும்போது முதலில் கண்ணால் காணுங்கள். அருகிலிருக்கும் பெரியவரிடம் அவர் கண்டதைக் கேளுங்கள். அதன்பின் அவரையும் சேர்த்து ஒரு படம் எடுங்கள். அது மலையின் படமாக மட்டுமன்றி, நம் குடும்பத்தின் வரலாறாகவும் நிலைத்து நிற்கும்.