விசையில் விரல் இல்லாத துவக்கு

சில வாரங்களுக்கு ஒருமுறை எங்கள் செய்தித் தளங்களில் ஒரே மாதிரியான செய்தி ஒன்று வருகிறது. வன்னியில் ஏதோ ஒரு கிராமத்தில், உள்ளூரில் செய்த இடியன் துவக்குடன் ஒருவர் கைது. அல்லது, காட்டுக்கு விறகெடுக்கப் போனவர் கட்டுத்துவக்கு வெடித்துப் படுகாயம். நான்கு வரி. படத்தில் மேசைமேல் ஒரு துருப்பிடித்த குழாய், ஒரு மரக்கட்டை, கொஞ்சம் கம்பி. அதற்கு மேல் யாரும் எழுதுவதில்லை. நானும் எழுதியதில்லை. போன மாரியில் உறவுக்காரர் ஒருவர் கால் இழந்து வந்த பிறகுதான் அந்தக் கம்பியைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு துவக்கு இருந்தது. தென்மராட்சியில் பெரியப்பாவின் வளவில் மா, பலா, தென்னை. மாம்பழக் காலத்தில் இரவானால் வௌவால் கூட்டம் வந்து இறங்கும். அனுமதிப் பத்திரத்தோடு வாங்கிய சொட்கன் அது. அதன் விசை சரியான இறுக்கம். பெரியப்பா அதை இழுப்பதற்குள் வௌவால் பழத்தைத் தின்று முடித்துவிடும் என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள். ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனார். நானும் சைக்கிள் பாரில் இருந்து போனேன். பட்டறைக்காரர் கழற்றிப் பார்த்தார், துடைத்தார், எண்ணெய் விட்டார், திருப்பிக் கொடுத்தார். இறுக்கம் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. இன்னும் இளக்கச் சொல்லிப் பெரியப்பா கேட்டார். அவர் மாட்டேன் என்றார். "வாத்தியார், இதுக்கு மேலை இளக்கேலாது. இளக்கினா வேலியிலை முட்டினாலும் வெடிக்கும். பிள்ளையள் இருக்கிற வீடு."

அந்தத் துவக்கு வீட்டில் நிலைக்கவில்லை. எண்பதுகளின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் வீடுகளில் இருந்த சொட்கன்கள் பல வழிகளில் போயின. எங்களுடையதை ஓர் இரவு பெடியள் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். பெரியப்பா கொடுக்கும்போது, விசை கொஞ்சம் இறுக்கம், பழகினால் சரிவரும் என்று சொன்னாராம். பெரியம்மா அதைக் கடைசிவரை சொல்லிச் சொல்லிச் சிரித்தா.

இப்போது வன்னிக் காடோரம் மறைவாகச் செய்யப்படும் துவக்குகளில் இருவகை உண்டு. ஒன்று இடியன். வாய்ப்பக்கமாக மருந்தை இடித்து நிரப்புவதால்தான் அந்தப் பெயர் என்பார்கள். இதை ஒருவர் கையில் பிடித்துச் சுடுகிறார். இதன் பழுது முதலில் சுடுபவரைத்தான் பதம் பார்க்கும். குழாய் பிளக்கும், முகம் எரியும், விரல் போகும். மற்றது கட்டுத்துவக்கு. அதைக் காட்டில் கட்டிவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்விடுகிறார். பாதைக்குக் குறுக்கே ஒரு கம்பி. அதில் யார் தட்டுப்படுகிறாரோ அவரே தன்மேல் விசையை இழுத்துக்கொள்கிறார். பட்டறைக்காரர் செய்ய மறுத்த அந்த வேலை இங்கே துவக்கின் இலட்சணமாகவே ஆகிவிடுகிறது. முட்டினால் வெடிக்க வேண்டும் என்பதற்காகவே அது செய்யப்படுகிறது.

ஒரு துவக்கின் விசையில் விரல் வைப்பவர் எவ்வளவு பொல்லாதவராக இருந்தாலும் கடைசிக் கணத்தில் விரலை எடுக்க அவருக்கு இடமிருக்கிறது. வருவது பன்றியல்ல, பக்கத்து வீட்டுப் பெடியன் என்று அவர் காணலாம். கம்பிக்குக் கண் இல்லை. பன்றியின் உயரத்துக்குக் கட்டுவதால் மனிதருக்கு அது முழங்காலை அண்டியே படுகிறது. எங்கள் உறவுக்காரருக்கும் அப்படித்தான். ஆஸ்பத்திரி வாங்கில் இருந்த ஒரு கிழவி அவரைப் பார்த்து, "எந்த இடத்து மிதிவெடி, தம்பி?" என்று கேட்டாவாம். அந்தக் கேள்வியில் பிழை ஒன்றும் இல்லை என்றே எனக்குப் படுகிறது.

மிதிவெடியும் இதே வகைப் பொருள்தான். அதை விதைத்தவர் போய்விடுகிறார். மிதிப்பவர் அதை இயக்குகிறார். குடாநாட்டின் வாசலில் இருக்கும் முகமாலையை எங்களுக்குத் தெரியும். 2000இல் ஆனையிறவு வீழ்ந்ததிலிருந்து 2009 தை மாதம் வரை அங்கேதான் முன்னரங்கு. இருதரப்பும் விதைத்தன. அரசபடை வெளிநாட்டில் வாங்கியதை விதைத்தது. இயக்கம் வாங்கியதோடு தானே செய்ததையும் விதைத்தது. வீழ்ந்த ஒரு போராளியின் பெயரைத் தாங்கிய ஜொனி மிதிவெடி எங்கள் பட்டறைகளில், எங்கள் பிள்ளைகளின் கைகளால் செய்யப்பட்டது. அதைப் பெருமையோடு பேசிய காலமும் இருந்தது. பின்னர் அதே மண்ணில் எங்கள் பெண்கள் முழந்தாளிட்டு, அடி அடியாக அதைக் கிண்டி எடுத்தார்கள். அவர்களில் பலர் கணவனை இழந்தவர்கள். இதைச் சொல்லாமல் கட்டுத்துவக்கைப் பற்றிப் பேசினால் பாதி உண்மைதான் பேசியதாகும்.

இலங்கை 2017 மார்கழியில் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. நிலத்தைத் துப்புரவாக்க 2028 ஆனி வரை தவணை. ஆனால் கம்பியில் கட்டிய துவக்கு அந்த உடன்படிக்கைக்குள் வராது. அது வெறும் அனுமதியில்லாத ஆயுதம். அதற்கு இருப்பது 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். அந்தச் சட்டத்தை ஆக்கிய வெள்ளைக்காரனின் சொந்த நாட்டில் இந்தப் பொறித் துவக்கை 1827லேயே தடைசெய்துவிட்டார்கள். பிரிஸ்டலில் ஒருவர் தன் பூந்தோட்டத்தைக் காக்கக் கம்பி கட்டித் துவக்கு வைத்திருந்தார். தப்பியோடிய மயிலைப் பிடிக்க மதிலேறிக் குதித்த இளைஞன் அதில் அடிபட்டான். எச்சரிக்கைப் பலகை வைக்காமல் மறைத்துக் கட்டிய தோட்டக்காரரே பொறுப்பு என்று 1828இல் நீதிமன்றம் சொன்னது. எங்கள் ஊரிலும் மயில்தான் பயிரைத் தின்கிறது. 2025 பங்குனியில் அரசாங்கம் நாடு முழுவதும் ஐந்து நிமிடம் ஒதுக்கிக் குரங்கையும் மயிலையும் எண்ணச் சொன்னதே, நினைவிருக்கிறதா? எண்ணியதோடு பயிர் தப்பிவிடவில்லை.

கமக்காரரின் பக்கத்தையும் கேட்க வேண்டும். பச்சிலைப்பள்ளிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் மீளக்குடியமர்ந்து, கடன்பட்டு, கச்சான் போட்டார். ஒரே இரவில் பன்றிக் கூட்டம் பாதியைக் கிளறிவிட்டுப் போனது. காவல் இருக்க ஆளில்லை. ஒரு மகன் காணாமல் ஆக்கப்பட்டவர், மற்றவர் வெளிநாட்டில். முறையாக அனுமதி கேட்கலாமே என்றேன். மாவட்டச் செயலகத்துக்குப் போய்த் துவக்கு வேண்டும் என்று தன் வாயால் சொல்ல அவர் தயாரில்லை. சொன்ன அடுத்த நாள் யார் யார் வீட்டுக்கு வந்து என்னென்ன கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

இங்கேதான் வடக்கின் கட்டுத்துவக்கு தெற்கின் கட்டுத்துவக்கிலிருந்து வேறுபடுகிறது. அநுராதபுரத்திலும் மொனராகலையிலும் இதே துவக்கைக் கட்டுகிறார்கள், இதே காயம் படுகிறார்கள். அங்கே அது வேட்டை, பயிர், யானை பற்றிய பிரச்சினை. இங்கே அது உடனே 'ஆயுதம் மீட்பு' ஆகிவிடுகிறது. பிடிபட்டவர் முன்னாள் போராளியாக இருந்துவிட்டால் தலைப்பின் நிறமே மாறுகிறது. ஆகவே காயப்பட்டவர்கூட எங்கே பட்டது என்று சொல்லப் பயப்படுகிறார். கட்டியவர் பயத்தில் அதைக் கழற்றக்கூடப் போகாமல் விட்டுவிடுகிறார். அது மழையிலும் வெயிலிலும் அங்கேயே கிடக்கிறது. யார் கட்டியது, எந்தப் பாதையில் என்று ஊருக்குள் நாலு பேருக்குத் தெரியும். அந்த நாலு பேரும் வாய் திறப்பதில்லை.

பயிரழிவுக்கு உடனே கிடைக்கிற இழப்பீடும், ஊர்க்காவலுக்குக் கூலியும், யானை வேலியும் வேண்டும் என்று எங்கள் மக்கள் பிரதிநிதிகள் கேட்பது சரி. கேட்கட்டும். ஆனால் அதைவிடச் செலவில்லாத ஒன்று இருக்கிறது. வழக்கும் விசாரணையும் இல்லாமல் கட்டுத்துவக்கை ஒப்படைக்க ஒரு தவணை. அதைப் பொலிஸ் நிலையத்தில் வைத்தால் யாரும் போகமாட்டார்கள். கிராம அலுவலரும் கமக்காரர் அமைப்பும் கோயில் சபையும் சேர்ந்து நடத்தலாம். காட்டில் ஏற்கெனவே கட்டியிருப்பதைக் காட்டிக்கொடுத்தால், கழற்றுவதற்குக் கண்ணிவெடி அகற்றிய அனுபவமுள்ளவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். முகமாலை வேலை முடியும்போது அவர்களுக்கும் வேறு வேலை வேண்டும்.

இதை அந்தக் கச்சான்காரரிடம் சொன்னேன். அவரிடம் அப்படி ஒன்று இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "கொண்டுபோய்க் குடுத்தா, பிறகு என்ரை பேரை எங்கை எழுதி வைப்பினம்?" என்று மட்டும் கேட்டார்.